கோ ஆட்டத்திற்கு ஒரு நல்ல பலகை

‘கோ’ என்னும் ஓரெழுத்துச் சொல்லுக்கு அரசன், பசு, வானம் எனப் பல பொருள்கள் நம் மொழியில் உண்டு. அவற்றுள் எதுவும் இன்றைய பேச்சுக்கு உரியதன்று. நாம் எடுத்துக்கொண்டிருப்பது கீழை நாடுகளில் தொன்றுதொட்டு ஆடப்பட்டு வரும் ஓர் ஆட்டம். சீனர் அதனை வெய்ச்சி என்பர். கொரியர் பாடுக் என்பர். ஜப்பானியர் வழங்கும் ‘இகோ’ என்னும் பெயரே குறுகிக் ‘கோ’ என்று உலகெங்கும் பரவிற்று.

ஆடுபுலி ஆட்டத்தில் காய்கள் கட்டத்தினுள் அமராமல், கோடுகள் கூடும் இடத்தில் அமர்வதை நேயர்கள் அறிவார்கள். கோ ஆட்டத்திலும் அவ்வாறே. பலகையில் நெடுக்கே 19 கோடுகள், குறுக்கே 19 கோடுகள். அவை சந்திக்கும் இடங்கள் 361. ஒருவர் கரிய கற்களையும் மற்றவர் வெண்ணிறக் கற்களையும் ஒன்று மாற்றி ஒன்றாக வைப்பர். வைத்த கல்லை நகர்த்துவதில்லை. நாற்புறமும் சூழப்பட்ட கல் அகற்றப்படும். முடிவில் மிகுதியான பரப்பை வேலியிட்டு வளைத்துக்கொண்டவர் வென்றவர். ஆட்டத்தின் நுட்பங்களை விரிக்க இன்று நேரமில்லை. நம் பேச்சு பலகையைப் பற்றியது.

இதனை ஏன் பேச முன்வந்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். நாங்கள் ஐவர், தில்லியில் குடியேறிய தமிழர்கள். ஞாயிறு மாலைகளில் கூடி இவ்வாட்டத்தை ஆடி வருகிறோம். தொடக்கத்தில் அட்டையில் கோடு கிழித்து, சட்டைப் பொத்தான்களைக் கற்களாகக் கொண்டு ஆடினோம். பின்னர் ஆசை வளர்ந்தது. ஆளுக்கொரு பங்கு பணம் போட்டு, நான்கு கால்கள் பொருத்திய கனத்த பலகை ஒன்றை ஒரு வணிகரிடம் வாங்கினோம். ‘கயா மரம்’ என்றார் அவர். உடன் வந்த சீட்டில் ‘ஷின் கயா’ என்று எழுதியிருந்தது. ‘ஷின்’ என்பது ஏதோ உயர்ந்த வகையைக் குறிக்கும் அடைமொழி என எண்ணி மகிழ்ந்தோம்.

மாசி மாதம் வந்த பலகை சித்திரை முடியும்வரை பொலிவோடு இருந்தது. வைகாசியில் ஒரு நண்பகல், வீட்டார் உறங்கிக்கொண்டிருக்கையில், கூடத்தில் பட்டாசு வெடித்தாற்போல் ஓர் ஓசை எழுந்தது. சென்று பார்த்தால், பலகையின் விளிம்பிலிருந்து நான்காம் கோடு வரை, விரல் நகம் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு. பங்கு போட்டவர்களுள் ஒருவர் அப்போதுதான் பணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் பிளவைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். அதுவே எங்களுக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. வாங்குமுன் எதைப் பார்த்திருக்க வேண்டும் என்பதை அதன் பின்னரே தேடிக் கற்றோம். மற்றவரேனும் முன்னதாக அறிந்துகொள்ளட்டும் என்பது எங்கள் எண்ணம்.

முதலில் மரத்தின் பெயர். ஜப்பானில் கோ பலகைக்குத் தலையாயதாகக் கருதப்படும் மரம் கயா. நீத்தார் கடன் ஆற்ற நம்மவர் செல்லும் கயைக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பீகாரில் வாழும் நேயர்கள் பொறுத்தருள வேண்டும். இஃது ஊசியிலை மர வகைகளுள் ஒன்று. ஜப்பானின் நடுப்பகுதியிலும் தென்பகுதியிலும், கொரியாவைச் சார்ந்த ஜேஜு தீவிலும் இயல்பாக வளர்கிறது. கியூஷூ தீவில் உள்ள மியாசாக்கிப் பகுதிக்கு ஹியூகா என்பது பழம்பெயர். அங்கே வளர்ந்த கயாவே சிறந்தது என்பது ஜப்பானியரின் துணிபு.

இம்மரத்துக்கு இத்துணைப் பெருமை ஏன்? இதன் நிறம் வெண்ணெயை ஒத்த இளமஞ்சள். கறுப்புக் கல்லும் வெள்ளைக் கல்லும் அதன்மேல் ஒருங்கே தெளிவாகத் தோன்றும். மணிக்கணக்காக நோக்கினாலும் கண் கூசாது. ஆண்டுகள் செல்லச் செல்லத் தேனின் நிறம் ஏறும். எண்ணெய்ப்பசையும் இனிய மணமும் உடையது. இவை யாவற்றினும் மேலானது அதன் நெகிழ்ச்சி. ஆள்காட்டி விரலின் நகத்தின்மேல் கல்லை இருத்தி, நடுவிரல் நுனியால் அழுத்திப் பிடித்து, ஓசை எழப் பலகையில் வைப்பது இவ்வாட்டத்தின் மரபு. மரம் மிகவும் மென்மையானதாயின் நாளடைவில் குழிகள் விழும். மிகவும் கடினமானதாயின் விரல் நோகும், ஓசையும் வறண்டிருக்கும். கயா கல்லின் அடியை ஏற்றுச் சற்றே அமுங்கி, மெல்ல நிமிர்ந்துகொள்ளும்.

ஆனால் இம்மரம் வளரும் வேகம் மிகக் குறைவு. தடித்த பலகைக்கு ஏற்ற பருமனை அடையச் சில நூற்றாண்டுகள் செல்லும். பழைய மரங்களுள் பெரும்பாலானவை வெட்டப்பட்டுவிட்டன. ஜேஜு தீவில் பிஜாரிம் என்னும் காட்டில் நூற்றாண்டுகள் கண்ட கயா மரங்கள் ஈராயிரத்துக்கு மேல் நிற்கின்றன. அவை அரசின் காப்பில் உள்ளமையால் கோடரிக்கு அங்கே இடமில்லை. ஆகவே தடித்த, பழுதற்ற ஹியூகாக் கயாப் பலகை ஒன்றன் விலை, ஒரு மோட்டார் காரின் விலையை எட்டுவதும் உண்டு.

இனி ‘ஷின் கயா’வுக்கு வருவோம். ‘ஷின்’ என்றால் ‘புதிய’ என்பது பொருள். புதிய கயா என்ற பெயரில் விற்கப்படுவது கயாவே அன்று. பெரும்பாலும் அலாஸ்கா முதலிய குளிர்நாடுகளில் வளரும் ஸ்புரூஸ் என்னும் வேறொரு மரம் அது. நிறம் ஓரளவு ஒத்திருப்பதால் வணிகர் அப்பெயரைச் சூட்டினர். ஸ்புரூஸ் தாழ்ந்த மரமன்று. வயலின், பியானோ முதலிய இசைக்கருவிகளின் ஒலிப்பலகைக்கு அதனையே தேர்கின்றனர். எனினும் அது மென்மரம்; கல்லின் தழும்பை எளிதில் ஏற்கும். ஸ்புரூஸ் என்று சொல்லி, ஸ்புரூஸின் விலைக்கு விற்றால் குறை கூற ஒன்றுமில்லை. நாங்கள் கொடுத்தது அந்த விலை அன்று.

வேறு மரங்களும் உண்டு. கட்சுரா என்பது ஜப்பானின் உள்நாட்டு மரம். சற்றே செம்பழுப்பு நிறம். கயாவுக்கு அடுத்தபடி நெடுங்காலமாகப் பலகைக்குப் பயன்படுவது. கிங்கோ மரமும் ஹிபா மரமும் நல்லவையே. இந்தோனேசியா, மலேசியா முதலிய நாடுகளிலிருந்து வரும் அகாதிஸ் விலை குறைந்தது. தொடக்க நிலையினருக்குப் போதுமானது. சீனத்தில் யுன்னான் பகுதியில் கயாவுக்கு நெருங்கிய உறவான மரம் ஒன்று வளர்கிறது. அதில் செய்த பலகைகளையும் கயா என்றே விற்பர். எந்த நாட்டுக் கயா என்று கேட்டுத் தெளிவது வாங்குவோர் கடன்.

மரத்தின் பெயரைவிட முதன்மையானது அஃது அறுக்கப்பட்ட விதம். இதனை நம் தச்சர்கள் நன்கு அறிவார்கள், நாங்கள்தாம் அறிந்திருக்கவில்லை. அடிமரத்தைக் குறுக்கே வெட்டினால் ஆண்டு வளையங்கள் வட்டம் வட்டமாகத் தெரியும். நடுவிலிருந்து பட்டையை நோக்கி, சக்கரத்தின் ஆரக்கால் போலச் செல்லும் திசையில் அறுத்தால், பலகையின் முகத்தில் வளையங்கள் நெருக்கமான நேர்க்கோடுகளாகத் தோன்றும். இதனை ஜப்பானியர் ‘மாசாமே’ என்பர். அவ்வாறன்றி வளையங்களுக்குத் தொடுகோடாக அறுத்தால் மலைமுகடு போன்றும் தீநாக்குப் போன்றும் வளைந்த ரேகைகள் தோன்றும். இதற்கு ‘இத்தாமே’ என்று பெயர்.

நேர்க்கோட்டு ரேகை உயர்ந்ததாகக் கருதப்படுவது அழகு ஒன்றுக்காக மட்டும் அன்று. மரம் உலரும்போது எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. வளையத்தை ஒட்டிய திசையில் அது சுருங்கும் அளவு, ஆரத்தின் திசையில் சுருங்கும் அளவைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. ஆதலால் தொடுகோடாக அறுத்த பலகை உலரும்போது கிண்ணம் போல் வளைய முற்படும். ஆரத்தின் வழி அறுத்த பலகை பெரும்பாலும் சமமாகவே நிற்கும். ஆனால் 42 சென்டிமீட்டர் அகலமுள்ள பலகையை மரத்தின் ஓர் ஆரத்திலிருந்தே எடுப்பதாயின், அந்த அடிமரம் ஏறக்குறைய ஒரு மீட்டர் குறுக்களவாவது உடையதாய் இருக்க வேண்டும். விலை ஏறுவதன் காரணம் இப்போது விளங்கும். பொருளாதாரம் இடங்கொடாதவர், நேர் ரேகையுள்ள இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்து ஒட்டிய பலகையை வாங்கலாம். அதில் இழிவு ஒன்றுமில்லை; நன்கு ஒட்டியதாயின் ஒற்றைப் பலகையினும் குறைவாகவே கோணும்.

இதிலும் ஏமாற்று உண்டு. மலிந்த மரத்தின்மேல் நேர் ரேகையுள்ள மெல்லிய தகட்டை ஒட்டியோ, ரேகையை அச்சடித்தோ விற்பவர் உளர். அதனைக் கண்டறிய ஒரு வழி சொல்கிறோம். பலகையின் முகத்தில் உள்ள ரேகை ஒன்றை விளிம்புவரை கண்ணால் தொடர்ந்து செல்லுங்கள். விளிம்பைத் தாண்டிப் பக்கமுகத்தில் அதே ரேகை ஒரு வளையத்தின் பகுதியாக இறங்கிச் செல்ல வேண்டும். முகத்தில் ஒரு கதையும் பக்கத்தில் வேறொரு கதையும் இருந்தால் பணப்பையை மூடிக்கொள்ளலாம். இணைய அங்காடியில் படம் பார்த்து வாங்குவோர், மேல்முகத்தோடு நான்கு பக்கமுகங்களின் படங்களையும் அடிப்புறத்தின் படத்தையும் கேட்டுப் பெறுவது நன்று. அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்கத் தயங்குங்கள்.

அடுத்து, உலர்த்துதல். தடித்த பலகைக்குரிய மரத்துண்டை ஜப்பானியக் கைவினைஞர் பல ஆண்டுகள் நிழலில் வைத்து உலர்த்துவர். பத்தாண்டுகள் காத்திருப்பதும் உண்டு. குறுக்குவெட்டு முகங்களின் வழியே ஈரம் விரைந்து வெளியேறும் ஆதலால், அங்கே மெழுகு முதலியவற்றைப் பூசி வைப்பர். இத்துணைப் பொறுமையோடு உலர்த்தியதும் ஜப்பானின் காற்றுக்கு ஏற்ற உலர்வேயன்றித் தில்லியின் வைகாசிக்கு ஏற்ற உலர்வு அன்று. இங்கே கோடை நண்பகலில் காற்றின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கும் கீழே இறங்குவதுண்டு. ஆவணியில் 80 விழுக்காட்டைத் தாண்டும். மரம் காற்றோடு ஈரத்தைக் கொடுத்தும் வாங்கியும் வாழும் பொருள். தடித்த பலகையின் மேற்பரப்பு விரைவில் காய்ந்து சுருங்க முற்படுகையில், உட்பகுதி இன்னும் ஈரத்தோடு சுருங்க மறுத்து நிற்கும். இரண்டுக்கும் நேரும் இழுபறியின் முடிவே அன்று நாங்கள் கேட்ட ஓசை. போதாக்குறைக்கு, பலகையைக் கூலருக்கு எதிரே வைத்திருந்தோம். ஈரக்காற்றும் அனற்காற்றுமாக ஒரே நாளில் இரு பருவங்களை அதற்குக் காட்டியிருக்கிறோம்.

இதிலிருந்து எங்கள் துணிபு இது: வடநாட்டிலும் தக்காணத்தின் வறண்ட ஊர்களிலும் வாழ்பவர்க்குத் தடித்த பலகை ஏற்றதன்று. ஜப்பானில் தரையில் அமர்ந்து ஆடும் கால் பொருத்திய பலகைகள் 15 முதல் 18 சென்டிமீட்டர் வரை தடிப்புள்ளவை. 15 கிலோ கிராம் எடைக்குக் குறைவாக அவற்றைக் காண்பது அரிது. மேசைமேல் வைத்து ஆடும் பலகைகள் 3 முதல் 6 சென்டிமீட்டர் தடிப்புள்ளவை. பின்னவையே நமக்கு ஏற்றவை. தடிப்புக் குறைந்தமையால் ஈரம் உள்ளும் புறமும் ஒத்து மாறும், பிளவு அரிது. சற்றே வளைந்தாலும், தலைகீழாகத் திருப்பிச் சில வாரம் வைத்தால் பெரும்பாலும் நேராகும். மற்றொன்றும் உண்டு. மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றல் உத்தரவு பெற்று நாக்பூருக்கும் கௌஹாத்திக்கும் பெட்டி கட்டுகிறவர்கள் நம்மில் பலர். பத்துப் பலகாரத் தூக்குகளோடு இரயிலில் ஏற்றக்கூடியதாகப் பலகை இருக்க வேண்டாமா?

தடித்த பலகையை வேண்டாம் என்று சொல்லிவிட்டாலும், அதன் அழகைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. அதன் கால்கள் ஒருவகை நந்தியாவட்டை இனச் செடியைப் போன்ற, மணமிக்க வெண்பூப் பூக்கும் கார்டீனியாவின் காயைப் போலச் செதுக்கப்படும். அச்செடிக்கு ஜப்பானிய மொழியில் ‘குச்சினாஷி’ என்று பெயர். அதே ஒலிக்கு ‘வாய் இல்லாதது’ என்றும் பொருள்படும். பார்த்திருப்போர் வாய் திறந்து யோசனை கூறலாகாது என்பது குறிப்பு. பலகையின் அடிப்புறத்தில், நடுவே ஒரு சதுரக் குழி குடையப்பட்டிருக்கும். யோசனை கூறியவன் தலையைக் கொய்து அக்குழியில் வைப்பதற்காக என்று ஒரு பழங்கதை வழங்குகிறது. மரம் சீராக உலரவும் கல்லின் ஓசை நன்கு எழவும் அது பயன்படும் என்பதே கைவினைஞர் கூறும் காரணம். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அந்தப் பழங்கதையை நினைவூட்ட வேண்டிய வேளைகள் பல உண்டு.

அளவைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். மரபான ஜப்பானியப் பலகையின் நீளம் 454.5 மில்லிமீட்டர், அகலம் 424.2 மில்லிமீட்டர். கட்டங்களும் முழுச் சதுரம் அல்ல, நீளவாட்டில் 23.7 மில்லிமீட்டர், அகலவாட்டில் 22 மில்லிமீட்டர். அமர்ந்த நிலையில் சாய்வாக நோக்குகையில் நீளம் குறுகித் தோன்றும் அல்லவா? அதனை ஈடுசெய்து சதுரமாகக் காட்டவே இந்த ஏற்பாடு. கற்களிலும் இத்தகைய நுட்பம் உண்டு. கறுப்பு நிறம் கண்ணுக்குச் சிறுத்துத் தோன்றும் ஆதலால், கறுப்புக் கல் ஏறத்தாழ 22.2 மில்லிமீட்டரும் வெள்ளைக் கல் 21.9 மில்லிமீட்டரும் குறுக்களவு உடையனவாகச் செய்யப்படும். ஆகவே பலகையை வாங்கும்போது கற்களையும் கொண்டுசென்று, அகலவாட்டில் ஒரு கோட்டில் 19 கற்களை வரிசையாக வைத்துப் பார்ப்பது நலம். ஒன்றையொன்று மெல்லத் தொட்டு நிற்கலாம், நெருக்கித் தள்ளலாகாது. கற்கள் சிப்பியாலும் கருங்கற்பலகையாலும் ஆனவையாக இருந்தால்தான் ஆயிற்று என்பதில்லை; கண்ணாடிக் கற்கள் போதும்.

கோடுகளை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். மரபு வழிக் கைவினைஞர், மழுக்கிய வாளின் விளிம்பில் ‘உருஷி’ என்னும் மரப்பால் மெருகைத் தடவிப் பலகைமேல் பதித்துக் கோடிடுவர். அக்கோடு மயிரிழையளவு எழும்பி நிற்பது விரலுக்குத் தெரியும். அச்சிட்ட கோடு தட்டையாக இருக்கும். அச்சுக் கோடு குற்றமன்று. கைக்கோட்டின் விலையை அதற்குக் கொடுப்பதே குற்றம். பளபளக்கும் வார்னிஷ் பூசிய பலகையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். விளக்கொளி அதில் பட்டுத் தெறித்துக் கண்ணை வருத்தும்.

பலகை சிறந்தால் ஆட்டமும் சிறக்குமோ என்று கேட்பவர் உண்டு. 1945 ஆகஸ்டு 6 அன்று ஹிரோஷிமாவின் புறத்தே, ஹோனின்போ என்னும் பட்டத்திற்காக ஹாஷிமோட்டோ உதாரோவும் இவாமோட்டோ கவோருவும் ஆடிக்கொண்டிருந்தனர். காலையில் அணுகுண்டு வீழ்ந்தது. அதன் அதிர்ச்சியில் சன்னல்கள் நொறுங்கின. பலகைமேல் இருந்த கற்கள் சிதறின. பின்னர் அவர்கள் கற்களை முன்பு இருந்தபடியே அடுக்கி, அன்றே ஆட்டத்தை முடித்தனர். ஹாஷிமோட்டோ ஐந்து புள்ளிகளில் வென்றார். நகருக்குள் நேர்ந்தது இன்னதென்று அவர்கள் முழுதும் அறிந்தது பின்னரே. ஆட்டம் அவர்கள் நெஞ்சில் இருந்தது. பலகையில் இருந்தது அதன் நிழலே. ஆயினும் நம்மைப் போன்றோர்க்கு நிழலும் வேண்டியிருக்கிறது. நல்ல பலகை வந்த பின்னர் எங்கள் ஐவரில் எவரும் ஞாயிற்றுக்கிழமை வரத் தவறியதில்லை.

வெளிநாட்டுப் பலகைக்குப் பொருள் செலவிட இயலாதவர் உள்ளூர்த் தச்சரை நாடலாம். வடநாட்டில் கமார் என வழங்கும் நம் குமிழமரம் வெளிறிய நிறமும் கோணாத இயல்பும் உடையது. மஞ்சட்கடம்பு நெருங்கிய இழையும் மஞ்சள் நிறமும் கொண்டது. வீணை செய்யப் பயன்படும் பலாவும் மஞ்சள் நிறமே, நாளடைவில் கருத்துவிடும். தேக்கு எளிதில் கோணாது. ஆனால் அதன் பழுப்பில் கரிய கல் எடுப்பாகத் தெரியாது. எங்கள் இரண்டாவது பலகை குமிழமரத்தால் ஆனது. பழைய மரச் சாமான்களை உடைத்து விற்கும் கடையில், பல ஆண்டுகள் காய்ந்த துண்டுகளைத் தேடி எடுத்தோம். மூன்று துண்டுகளை ரேகை நெடுக்குவாட்டில் ஓடுமாறு ஒட்டச் சொன்னோம். இழைத்தபின் தடிப்பு 3 சென்டிமீட்டர். கோடுகளை எங்களுள் வரைபடப் பயிற்சி உள்ளவர் கறுப்பு மையால் இழுத்தார். மேலே மெழுகை மட்டும் தேய்த்தோம். மெருகை மேல்முகத்தில் பூசினால் அடியிலும் அதே அளவு பூச வேண்டும், இன்றேல் ஒருபுறம் மட்டும் ஈரம் இழுத்து வளையும் என்றார் தச்சர். அவர் கூலியும் மரத்தின் விலையும் சேர்ந்து, முதற்பலகையின் கால்களுக்குக்கூடப் போதாத தொகை.

பேணும் முறை எளிது. வெயில் படும் சன்னலோரத்திலும், கூலர், ஹீட்டர் இவற்றின் எதிரிலும் வைக்கலாகாது. ஈரத்துணியால் துடைக்கலாகாது, உலர்ந்த மென்துணி போதும். எண்ணெய் தேய்க்க வேண்டா. மும்பை, கொல்கத்தா முதலிய ஈரம் மிகுந்த ஊர்களில் மழைக்காலத்தில் பூஞ்சை படரும்; வாரம் ஒருமுறை உறையை நீக்கி, நிழலில் காற்றாட வைக்க வேண்டும். காப்பி டம்ளரை விளிம்பில் வைக்கும் பழக்கத்தை வீட்டுக்கு வரும் விருந்தினரிடம் எவ்வாறு தடுப்பது என்பதற்கு மட்டும் எங்களுக்கு வழி கிடைக்கவில்லை.

பிளந்த பலகை இன்னும் எங்களிடம் உள்ளது. ஆவணி மாத ஈரத்தில் பிளவு ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. சித்திரையில் மீண்டும் வாய் திறக்கிறது. ஓய்வு பெற்ற நண்பர் அதனைத் தம் வீட்டுக்கு எடுத்துச் சென்று, பேரனுக்கு ஆட்டம் பயிற்றி வருகிறார். நான்காம் கோட்டில் கல் வைக்கும்போது அது பிளவில் சரியாமல் சற்றே தள்ளி வைக்கப் பேரன் கற்றுக்கொண்டுவிட்டானாம்.